வீட்டு மேசையிலேயே ஐசி கழற்றி மாற்ற: புதியவர்களுக்கான செய்முறை

பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்ப் பாதியில் நின்ற மதர்போர்டை நிறையப் பேர் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் அந்தப் போர்டில் எதுவுமே எரிந்திருக்காது. எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன ஃப்ளாஷ் ஐசிக்குள் எழுதியிருந்த தகவல் குலைந்திருக்கும், அவ்வளவுதான். அதைக் கழற்றி, புரோகிராமர் என்ற எழுதும் கருவியில் வைத்துச் சரியான தகவலை எழுதி, மறுபடி பொருத்தினால் போர்டு எழுந்துவிடும். டிவி போர்டு, ரவுட்டர், வாஷிங் மெஷின் கன்ட்ரோல் போர்டு என்று இப்படி ஒரே ஒரு சிப்பால் முடங்கிக் கிடப்பவை ஏராளம்.

இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள். சிப் வரவில்லையே என்று ட்வீஸரால் நெம்புகிறார்கள்; சிப்போடு சேர்ந்து போர்டில் கால் ஒட்டியிருந்த செம்புத் திட்டான பேடும் பிய்ந்து வந்துவிடுகிறது. நாம் பார்க்கும் பச்சைப் போர்டு, கண்ணாடி நாரையும் எபாக்ஸிப் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. சாதாரண வகைப் போர்டில் அந்தப் பிசின் 130–140 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பித்துவிடும். கால்களைப் பேடில் ஒட்டியிருக்கும் ஈயம் (சால்டர்) உருகுவதோ அதற்கும் வெகு மேலே. ஆக, ஈயம் உருகும் நேரத்தில் பேடைப் பிடித்திருக்கும் பிசின் ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது. அப்போது கொடுக்கும் சின்ன இழுப்புகூடப் பேடைப் பிய்த்துவிடும். எல்லாக் கால்களிலும் ஈயம் ஒரே நேரத்தில் உருகி நிற்க வேண்டும், சிப் தானாக மிதக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

ஈயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் காரீயமும் கலந்த ஈயக் கம்பி 183 டிகிரியில் உருகும். இடையில் கூழ்போல் நிற்காமல் சட்டென்று திரவமாகி, சட்டென்று இறுகும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல கம்பி கிடையாது, 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் கனத்தில், உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளதாக வாங்குங்கள்.

ஆனால் நீங்கள் கழற்றப்போகும் சிப் பெரும்பாலும் இந்த ஈயத்தில் ஒட்டியிருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதையொட்டி உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் காரீயம் இல்லாத கலவைக்கு மாறின. பரவலாகப் புழங்கும் கலவையில் 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. அது 217–220 டிகிரிக்கு முன் உருகாது. சால்டரிங் அயர்னை வைத்துப் பார்த்துவிட்டு "சூடு பத்தவில்லை" என்று 450 டிகிரிக்கு ஏற்றுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சூட்டை ஏற்றாதீர்கள். பழைய ஜாயிண்டின் மேல் உங்கள் 63/37 கம்பியை நன்றாக உருக்கி விடுங்கள். இரண்டும் கலந்ததும் உருகுநிலை இறங்கும், ஈயம் நீண்ட நேரம் திரவமாக நிற்கும். கழற்றுவதற்கு முன் புது ஈயம் சேர்ப்பது முதன்முறை செய்பவருக்கு நேர்மாறான காரியமாகத் தோன்றும். ஆனால் பாதி வேலை அதில்தான் முடிகிறது.

பிஸ்மத் கலந்த, 138 டிகிரியிலேயே உருகும் ஈயமும் கிடைக்கிறது. கழற்ற மிகவும் வசதி. ஆனால் கழற்றியபின் விக் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து அதைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். பிஸ்மத், காரீயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தால் 100 டிகிரிக்குக் கீழேயே உருகும் கலவை உருவாகக்கூடும். வேலை செய்யும்போது சூடாகும் போர்டில் அப்படிப்பட்ட ஜாயிண்ட் தாங்காது.

என்னென்ன வாங்க வேண்டும்

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். மற்ற ஊர்களில் மொபைல் சர்வீஸ் உதிரிப்பாகக் கடைகளில் கேளுங்கள். அவர்களிடம் ஃப்ளக்ஸும் விக்கும் கட்டாயம் இருக்கும்.

முதலில் அயர்ன். சோல்ட்ரான் 25 வாட் அயர்னில் கற்றுக்கொண்டவர்கள் இங்கே ஏராளம். டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் மாற்ற அது போதும். ஐசி வேலைக்கு வெப்பநிலை கட்டுப்பாடு உள்ள ஸ்டேஷன் வேண்டும். 936 வகை ஸ்டேஷனோ டி12 பிட் (அயர்னின் நுனி) போடும் ஸ்டேஷனோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பின் பிளக் இருக்கிறதா, உங்கள் வீட்டு ஏர்த் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஏர்த் இல்லாத அயர்னின் நுனியில் கசியும் மின்சாரம் சிப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

பிட் தேர்வில் பலரும் ஊசி முனையைத்தான் எடுப்பார்கள். சின்ன வேலைக்குச் சின்ன பிட் என்ற கணக்கு இங்கே செல்லாது. தகரத் தட்டில் மாவை ஊற்றினால் சூடு உடனே இறங்கிவிடும், கனமான தோசைக்கல்லில் இறங்காது, பிட்டும் அப்படியே. கத்தி வடிவ பிட் ஒன்று, சாய்வாக வெட்டிய பிட் ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வேலையையும் செய்யலாம். பழைய செம்பு பிட்டை அரம் போட்டுத் தேய்ப்பார்கள். இரும்பு முலாம் பூசிய இன்றைய பிட்டில் அரமோ உப்புத்தாளோ படவே கூடாது. முலாம் போனால் பிட் போனது. பித்தளைச் சுருளில் துடையுங்கள், வேலை முடிந்ததும் நுனியில் புது ஈயம் பூசி அணையுங்கள்.

அடுத்தது ஃப்ளக்ஸ். என்னைக் கேட்டால் அயர்னைவிட இதுதான் முக்கியம். சூட்டில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து, ஈயம் தண்ணீராக ஓட வழி செய்வது ஃப்ளக்ஸ்தான். சிரிஞ்சில் வரும் பசை வடிவ ரோசின் ஃப்ளக்ஸோ நோ-கிளீன் ஃப்ளக்ஸோ வாங்குங்கள். தகரம், குழாய் பற்றவைக்கப் பயன்படும் அமில ஃப்ளக்ஸ் போர்டின் பக்கமே வரக் கூடாது. அது மிச்சமிருந்து டிராக்கை (போர்டின் செம்புக் கோட்டை) அரித்துக்கொண்டே இருக்கும். பிரபலமான பெயர்களில் போலி ஃப்ளக்ஸும் நிறைய வருகிறது. சூடு பட்டதும் கருகிக் கரிபோல் ஒட்டினால் அந்தச் சிரிஞ்சைத் தூக்கி எறியுங்கள்.

மீதிப் பட்டியல் சிறியது: 2 முதல் 3 மில்லிமீட்டர் அகல டீசால்டரிங் விக், சக்கர் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் பம்ப்), கூர் முனை ட்வீஸர், கப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்), 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய பல் துலக்கும் பிரஷ், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மல்டிமீட்டர். ஹாட் ஏர் (சுடுகாற்று ஊதும்) மெஷினை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. கை பழகியபின் 858டி வகையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்கு உட்காரும் முன்

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். அது ஜாயிண்டையும் குளிரவைக்கும், ஹாட் ஏரையும் திசை மாற்றும், மணல் அளவு கெபாசிட்டரையும் பறக்கவிடும். பதிலாக ஒரு சின்ன டேபிள் ஃபேனை, மேசையிலிருந்து ஜன்னல் பக்கமாகக் காற்று போகும்படி தள்ளி வையுங்கள். எழும் புகை காரீயத்தின் ஆவி இல்லை. நாம் வேலை செய்யும் சூட்டில் காரீயம் ஆவியாகாது. அது ஃப்ளக்ஸின் புகை. தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும் என்பது தொழில்சார் மருத்துவத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம். காரீயம் வருவது விரல் வழியாக. வேலை முடியும்வரை டீயும் முறுக்கும் மேசைக்கு வரக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சிதறிய ஈயத் துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ செல்லையும் எடுத்துவிடுங்கள். பவர் சப்ளை போர்டாக இருந்தால் இன்னும் கவனம்: 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கியபின்னும் சில நேரம் இருக்கும். மல்டிமீட்டரில் அளந்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதென்று பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும். புதியவர்கள் இந்த வகைப் போர்டில் பழகவே வேண்டாம்.

பழகுவதற்குப் பழைய மோடம், டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ் போர்டுகள் நல்லவை. காயலான் கடையில் எடை போட்டே கிடைக்கும். முதல் சில போர்டுகளில் சிப் பிழைக்கிறதா என்று பார்க்காதீர்கள், பேடுகள் முழுசாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

எட்டுக் கால் ஐசி, அயர்ன் மட்டும் வைத்து

பயாஸ் ஃப்ளாஷ் ஐசியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். டபிள்யூ25க்யூ64 போன்ற பெயர் மேலே இருக்கும். பக்கத்துக்கு நான்கு கால், கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர். கற்றுக்கொள்ள இதைவிடத் தாராளமான இடைவெளி கிடைக்காது.

முதலில் போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஐசியின் ஒரு மூலையில் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும். அது போர்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இரண்டு பக்கக் கால்களிலும் ஃப்ளக்ஸ் தடவுங்கள். அயர்னை 350 டிகிரியில் வைத்து, ஒரு பக்கத்து நான்கு கால்களையும் சேர்த்து மூடும்படி ஈயத்தை ஒரே வரப்பாக உருக்கி விடுங்கள். மறுபக்கமும் அப்படியே. கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டட்டும். இப்போது பிட்டைப் படுக்கை வாட்டில் வைத்து, இந்தப் பக்கம் இரண்டு விநாடி, அந்தப் பக்கம் இரண்டு விநாடி என்று மாறி மாறிச் சூடாக்குங்கள். ஈய வரப்பு பெரிதாக இருப்பதால் நீங்கள் மறுபக்கம் போய்வரும்வரை இந்தப் பக்கம் இறுகாது. சில சுற்றுகளில் இரு வரப்பும் ஒன்றாகப் பளபளக்கும். அப்போது ட்வீஸர் முனையால் ஐசியைப் பக்கவாட்டில் லேசாகத் தொடுங்கள். தயாராகிவிட்டால் அது வழுக்கும். அப்படியே பேடுகளை விட்டு ஓரமாகத் தள்ளிவிடுங்கள், மேலே தூக்க வேண்டாம். அசையவில்லையென்றால் ட்வீஸரை எடுத்துவிட்டு இன்னொரு சுற்றுச் சூடாக்குங்கள்.

கை வேகம் போதவில்லை என்றால் ஒரு நல்ல வழி உண்டு. வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பிச் செம்பு வயரின் தோலை உரித்து, ஐசியைச் சுற்றி இரு பக்கக் கால்களையும் தொடும்படி வளைத்து வையுங்கள். அதன் மேல் ஈயத்தை ஊற்றிக் கம்பியைச் சூடாக்கினால், எட்டுக் காலும் ஒரே நேரத்தில் உருகிவிடும்.

ஹாட் ஏர் வைத்து

நாலு பக்கமும் கால் உள்ள ஐசிக்கு ஹாட் ஏர்தான் சரி. சுற்றியுள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களைக் கப்டான் டேப்பால் மூடுங்கள். பக்கத்தில் உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருந்தால் அலுமினியத் தாளையும் சேர்த்துச் சுற்றுங்கள், நேரடிக் காற்றில் அது வீங்கி வெடிக்கும்.

மெஷினை 350 முதல் 380 டிகிரியில், காற்றை நடுத்தரத்துக்கும் குறைவாக வையுங்கள். திரையில் காட்டும் எண் காற்றின் சூடு மட்டுமே. போர்டுக்கு வந்து சேருவது அதைவிட வெகு குறைவு. முதல் ஒரு நிமிடம் நாசிலை ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து அந்தப் பகுதி முழுவதையும் மெல்லச் சூடேற்றுங்கள். திடீர்ச் சூடு பட்டால் செராமிக் கெபாசிட்டர்கள் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். பிறகு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு இறக்கி, ஐசியின் கால்களைத் தொடர்ந்து சுற்றி வாருங்கள். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது.

ஃப்ளக்ஸ் முதலில் கொதிக்கும், புகை வரும், பிறகு அடங்கும். மங்கலாக இருந்த ஈயம் ஒரு காலில் மினுங்கும், அடுத்தடுத்த கால்களுக்கு அந்த மினுக்கம் பரவும். இப்போது ஐசியை ட்வீஸரால் ஒரு நூலளவு தள்ளிப் பாருங்கள். எல்லாக் கால்களும் உருகியிருந்தால் அது நகர்ந்து, விட்டதும் தானே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசைதான் அதைத் திரும்ப இழுக்கிறது. அந்த அசைவைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஐசியையும் தூக்காதீர்கள். பார்த்துவிட்டால் நேராக மேலே தூக்குங்கள், எடையே இல்லாததுபோல் வரும். பிறகு போர்டை ஊதாமல், அசைக்காமல் தானாக ஆறவிடுங்கள்.

சில ஐசிகள் எவ்வளவு காட்டினாலும் அசையாது. அடியில் கிரவுண்ட் தளத்தோடு சேர்ந்த பெரிய பேட் இருக்கும், சூடு முழுவதும் அங்கே ஓடிவிடும். மெஷினின் எண்ணை ஏற்றாமல், போர்டின் அடிப்பக்கத்தை ப்ரீஹீட்டர் தட்டில் 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கி வைத்துக்கொண்டு மேலிருந்து காட்டுங்கள். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த பெரிய ஐசிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: உறிஞ்சிய ஈரம் ஆவியாகி உள்ளிருந்தே வெடிப்பு விடும். தொழிற்சாலைகளில் இவற்றை 125 டிகிரியில் பல மணி நேரம் உலர்த்தியபின்தான் சூடு காட்டுவார்கள்.

பேடைச் சுத்தம் செய்தல்

கழற்றும்போது தப்பிய பேடையும் பலர் இழப்பது இங்கேதான். விக்கில் ஃப்ளக்ஸ் தடவி, பேடுகளின் மேல் வைத்து, மேலே பிட்டை வையுங்கள். அழுத்த வேண்டாம். செம்பு நிறம் வெள்ளியாக மாறிக்கொண்டே வருவது தெரியும். அந்தப் பகுதி நிரம்பியதும் விக்கையும் அயர்னையும் ஒன்றாகத் தூக்குங்கள். அயர்னை முதலில் எடுத்துவிட்டால் விக் பேடோடு ஒட்டி இறுகும், அதை இழுத்தால் பேட் வரும். நிரம்பிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பகுதியைப் பயன்படுத்துங்கள். கடைசியில் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு துலக்கினால் பேடுகள் தட்டையாக, பளிச்சென்று நிற்க வேண்டும்.

புரோகிராமரில் வைக்கும்போது

ஃப்ளாஷ் ஐசி 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்பதை டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) முழுப் பெயரை வைத்துப் பாருங்கள். கடைசி எழுத்துகள் மாறினால் வோல்டேஜும் மாறலாம். சிஎச்341ஏ வகைப் புரோகிராமரின் சில பதிப்புகள் டேட்டா கால்களில் 5 வோல்ட் தருகின்றன, அதையும் அளந்துகொள்ளுங்கள். எழுதுவதற்கு முன் பழைய தகவலை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு, அந்த ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். போர்டின் சீரியல் எண்ணும், பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் உரிம எண்ணும் அதற்குள்தான் இருக்கின்றன. இணையத்தில் எடுத்த வேறொரு ஃபைலை அப்படியே எழுதினால் அவை போய்விடும்.

திரும்பப் பொருத்துதல்

ஒரு மூலைப் பேடில் மட்டும் துளி ஈயம் வையுங்கள். ஐசியை ட்வீஸரில் பிடித்து, புள்ளி இருக்கும் மூலையைப் படத்தோடு ஒப்பிட்டு, அந்தத் துளியை உருக்கி உட்காரவையுங்கள். லென்ஸில் பாருங்கள், எல்லாக் கால்களும் அதனதன் பேடின் நடுவில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்த ஒரு காலை மறுபடி உருக்கித் திருத்துவது இப்போது எளிது. நேரானதும் எதிர் மூலையை ஒட்டுங்கள், பிறகு மற்றவை.

கால்களுக்கு இடையே 0.5 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஐசியில் ஒவ்வொரு காலாகப் பற்றவைக்க முயல வேண்டாம். வரிசை முழுக்கத் தாராளமாக ஃப்ளக்ஸ் தடவி, சாய்வு பிட்டில் கொஞ்சம் ஈயம் ஏந்தி, கால் நுனிகளின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். ஃப்ளக்ஸ் இருக்கும்வரை ஈயம் உலோகத்தை மட்டும் பற்றும், இடைவெளியை விட்டுவிடும். வரிசையின் கடைசியில் இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் மறுபடி ஃப்ளக்ஸ் வைத்து, துடைத்த பிட்டால் வெளிப்பக்கமாக இழுங்கள். மிச்ச ஈயம் பிட்டுக்கு வந்துவிடும்.

கரண்ட் கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் பக்கத்துப் பக்கத்துக் கால்களைத் தொட்டுப் பாருங்கள். நமது ஃப்ளாஷ் ஐசியில் 4-ஆவது கால் கிரவுண்ட், 8-ஆவது கால் சப்ளை. இவை இரண்டும் சேர்ந்து பீப் அடித்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, பவர் கொடுக்காதீர்கள். 7-ஆவதும் 8-ஆவதும் சேர்ந்து அடித்தால் பதற வேண்டாம். சில போர்டுகளில் வடிவமைப்பே அப்படித்தான்.

துளைக்குள் கால் நுழைந்த பழைய வகை ஐசி

இதற்கு வேறு அணுகுமுறை. ஐசி எப்படியும் கெட்டதுதான் என்றால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஐசியின் உடம்பை ஒட்டி எல்லாக் கால்களையும் கட்டரால் வெட்டுங்கள். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி ட்வீஸரால் உருவுங்கள். துளையில் மிஞ்சும் ஈயத்தை ஒரு பக்கம் அயர்ன், மறுபக்கம் சக்கர் வைத்து எடுங்கள். அந்த இடத்தில் ஐசி சாக்கெட் போட்டுவிட்டால் அடுத்த முறை சூடே காட்ட வேண்டியிருக்காது.

பேட் பிய்ந்துவிட்டால்

போர்டு முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். பேடிலிருந்து போகும் டிராக்கைக் கண்டுபிடித்து, அதன் மேலுள்ள பச்சைப் பூச்சைக் கத்தி நுனியால் இரண்டு மில்லிமீட்டர் சுரண்டி, செம்பு தெரிந்ததும் ஈயம் பூசுங்கள். அங்கிருந்து ஐசியின் காலுக்கு 0.1 மில்லிமீட்டர் எனாமல் வயரை இழுத்து ஒட்டி, புற ஊதா ஒளியில் இறுகும் சால்டர் மாஸ்க்கை மேலே ஒரு துளி வைத்து உறையவிடுங்கள். எதனோடும் இணைப்பு இல்லாத கால்களின் பேட்களும் உண்டு. அப்படிப்பட்டதுதான் போயிருக்கிறதென்று டேட்டாஷீட்டில் உறுதியானால் விட்டுவிடலாம்.

அடிப்பக்கம் முழுக்க ஈயக் குண்டுகள் உள்ள பிஜிஏ சிப்புகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்கு ஸ்டென்சில் (துளையிட்ட உலோகத் தகடு), ரீபாலிங் (புது ஈயக் குண்டுகளைப் பதிப்பது), நல்ல ப்ரீஹீட்டர் எல்லாம் வேண்டும். ஜாயிண்ட் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எட்டுக் கால், பிறகு நாலு பக்கக் கால், பிறகு காலே வெளியே நீளாத சதுரச் சிப் என்று ஏறி வாருங்கள். இந்த மூன்றாவது வகையில் பேடு சேதமில்லாமல் தொடர்ந்து கழற்றிப் பொருத்த முடிகிறபோது பிஜிஏ கருவிகளுக்குக் காசு செலவழிக்கலாம்.